அங்கன்வாடிதோறும் ஒரு தாய்மார் குழு

தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கர்ப்பம் உறுதியானதும் பதிவு எண், ஊட்டச்சத்துப் பெட்டகம், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான நிதியுதவி, அவசரத்துக்கு 108, பிரசவம் முடிந்ததும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும் தாய்-சேய் ஊர்தி என்று ஒரு பெண்ணுக்கு அரசு செய்து தருபவை ஏராளம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு என்ற பெருமை இருக்கிறது. வண்டி அவளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறதே, அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை.

ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த மறுநாளிலிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிள்ளை அழுதால் பால் பத்தவில்லை என்பார்கள். சர்க்கரைத் தண்ணி வை என்பார் ஒருவர். டப்பா பால் வாங்கிவா என்பார் இன்னொருவர். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதச் சொல்வார்கள். பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பார்கள். பத்தியம் என்று பருப்பையும் காயையும் நிறுத்துவார்கள். தையல் ஆறாமல், தூக்கம் இல்லாமல் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் இதில் எதைக் கேட்பாள், எதை மறுப்பாள்?

செவிலியர் வீடு தேடி வருவார், உண்மைதான். ஆனால் சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பில் 5,000 பேர் இருக்கிறார்கள். அவர் வந்துபோகும் அரை மணி நேரத்துக்கும் அடுத்த முறை வருவதற்கும் நடுவில் எத்தனையோ இரவுகள். 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பெறுபவர்கள் பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள். பிரசவத்தில் நூற்றைத் தொட்டுவிட்ட நாம் தாய்ப்பாலில் பாதி வழியில் நிற்கிறோம். மீதிப் பாதி வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை. அதைத் தாய்மார்களே கூடி உட்கார்ந்து செய்ய முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இது என் ஆசை மட்டும் அல்ல. சோதித்துப் பார்த்து நிரூபித்த விஷயம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்ட மலைக் கிராமங்களில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்வு தேடினார்கள். அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு மற்ற ஊர்களைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. அடுத்து ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களில் ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனம் இதே வழியில் குழுக்களை நடத்தியது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைப் பரிந்துரைத்தது.

அங்கே புது மருந்தோ புது இயந்திரமோ எதுவும் போகவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி படம் போட்ட அட்டைகளையும் கதைகளையும் வைத்துக்கொண்டு கூட்டத்தை நடத்தினாள். ஒரு குழந்தைக்கு நேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு “ஏன் இப்படி ஆச்சு?” என்று கேட்பாள். பதில் வந்ததும் அதற்கும் “ஏன்?” என்பாள். பேசப் பேச வேர் பிடிபடும். பிறகு என்ன செய்யலாம் என்று பெண்களே முடிவெடுத்தார்கள்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். கூட்டத்தை நடத்துபவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த, இரண்டு பிள்ளைகளின் தாய். மகளிர் சுய உதவிக் குழுக்களில் சொல்வதுபோல அவளை ஊக்குநர் என்கிறோம். நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் மட்டும் பேசுவேன். நடத்தும் பொறுப்பைச் செவிலியரிடம் கொடுக்கக் கூடாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். நர்சம்மா கேட்டால் எல்லாரும் “தாய்ப்பால் மட்டுந்தான் குடுக்குறேன்” என்பார்கள்; பவுடர் டப்பா அடுக்களையில் இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணமல்ல. திட்டு விழும் என்ற பயம். தன்னைப் போல் ராத்திரி கண்விழித்த இன்னொருத்தியிடம் அந்தப் பயம் இல்லை.

முதல் பிள்ளை பெற்ற ஒரு பெண் ஒரு கூட்டத்தில் அழாத குறையாகச் சொன்னாள்: “பால் பத்தலக்கா. பிள்ள அழுதுக்கிட்டே இருக்கு. டப்பா வாங்கச் சொல்றாக.” நான் வாய் திறக்கவில்லை. எதிரில் இருந்தவள் கேட்டாள்: “ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போறான்?” “ஏழெட்டுத் துணி மாத்துறேன்.” “அப்புறம் என்ன? உள்ள போகாமயா வெளிய வருது?” கூட்டமே சிரித்தது, அந்தப் பெண்ணும் சேர்ந்து. பிறகு எதிரில் இருந்தவள் நகர்ந்து வந்து பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். தலை மட்டும் மார்புப் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு மல்லாந்து கிடந்தது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, காம்போடு அதைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி முகவாயை மார்பில் பதித்துவிட்டாள். பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. கதவோரம் இருந்த மாமியார் “அட, இம்புட்டுத்தானா?” என்றார். அந்த வீட்டுக்கு டப்பா வரவில்லை.

இந்த அறிவுரையை நான் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி தன் கையால் பிடித்துக் காட்டும்போது அது உடனே ஏறுகிறது. கூடவே வந்த மாமியாரின் மனசிலும் ஏறுகிறது.

மாமியார் இல்லாமல் தாய்மார் குழு உருப்படாது. மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றால் அவர் அனுப்ப வேண்டும். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குச் சோறு ஊட்டுபவரும் அவர்தான். எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு எடை ஏறவே இல்லை. ஏன்? சாப்பாடு பத்தவில்லை. ஏன்? ரசஞ்சோற்றைக் கரைத்துத் தண்ணியாக ஊட்டுகிறார்கள். ஏன்? கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று அப்பத்தா நம்புகிறார். ஏன்? அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, சொன்னதெல்லாம் மருமகளிடம்தான். அடுத்த கூட்டத்துக்கு அப்பத்தாக்களையும் அம்மாச்சிகளையும் அழைத்தோம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கெட்டியாகக் கிண்டினோம். பருப்பும் கீரையும் சேர்த்துச் சோற்றை மசித்தோம். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அதுதான் பதம் என்று ஒரு பாட்டியே மற்றவர்களுக்குக் காட்டினார். பெரியவர்களைக் குற்றவாளிகளாக உட்கார வைத்தால் இரண்டாவது முறை வர மாட்டார்கள். பிள்ளை வளர்த்தவர்கள் என்ற மரியாதையோடு கேட்டால், மாற்றிக்கொள்ளத் தயங்குவதில்லை.

நேரத்தையும் அவர்கள் வசதிக்குத்தான் வைக்க வேண்டும். காலையில் நூறு நாள் வேலை, குழாயில் தண்ணீர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மதியம் அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கும் நேரம்தான் எங்களுக்குத் தோதுப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே மணி. சந்தை நாளும் அமாவாசையும் கூடாது. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் போனால் கூச்சப்படுகிறவள் பேசவே மாட்டாள். இன்னொரு குழுவாகப் பிரித்துவிட வேண்டும். வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். நாற்காலி போட்டால் யாரோ ஒருவர் தலைவராகிவிடுவார்.

பேச்சுக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளை கறுப்பா சிவப்பா, ஆணா பெண்ணா, யார் பிள்ளை குண்டு என்ற பேச்சு கூடாது. ஆபரேஷன் பிரசவமா சுகப்பிரசவமா என்று எடை போடுவதும் கூடாது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் நடக்கின்றன. வலி தாங்காதவள் என்ற குத்தல் பேச்சைக் கேட்டுக் குன்றிப்போகும் பெண்கள் நிறையப் பேர். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதைப் புதிதாக ஒருத்தி வரும்போதெல்லாம் திரும்பச் சொல்கிறோம். சீட்டு, கடன், கட்சி, எந்தப் பொருள் விற்பனையும் இந்த வட்டத்துக்குள் வரக் கூடாது. முக்கியமாகப் பால்பவுடர். தாய்மார்களிடம் பால்பவுடரையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதும் இலவசமாகத் தருவதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கைக்குழந்தைத் தாய்மார் பத்துப் பேர் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்றால் வியாபாரிக்கு வாசம் தெரியாமல் இருக்காது. பரிசுப் பையோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் துணிவு ஊக்குநருக்கு வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளால்தான் மனசு திறக்கிறது. ஒரு பெண் தவறாமல் வருவாள், ஓரமாக உட்காருவாள், பிள்ளையை மற்றவர்கள் மடியில் விட்டுவிடுவாள். அது அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். திமிர் என்றார்கள் வீட்டில். ஊக்குநர் அவளோடு வீடுவரை நடந்து போனாள். வழியில் அந்தப் பெண் சொன்னாள்: “இந்தப் பிள்ளய யாராச்சும் எடுத்துக்கிட்டா நல்லா இருக்குங்க்கா. எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது.” பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது, மருத்துவம் பார்த்தால் சரியாகிற நோய். செவிலியரிடம் சொல்லி, மனநல மருத்துவர் வரும் நாளில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கணவரையும் உட்கார வைத்து மருத்துவர் விளக்கினார். இன்று தேறிவிட்டாள். தாயின் எடை, ரத்தம், தையல், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டம் உண்டு. அவள் பிள்ளையைப் பார்க்கும் பார்வைக்குக் கட்டம் கிடையாது. கூட இருக்கும் பெண்களின் கண்ணில்தான் அது படும்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலைத் தீர்க்காவிட்டால் எந்தக் குழுவும் வெல்லாது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளையோடு திரும்பிவர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். பெயர் புகுந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும், ஆள் பிறந்த ஊரில் இருப்பாள். முதல் முறை தாயாகிறவளுக்குத்தான் துணை அதிகம் வேண்டும். அவள்தான் இரண்டு ஊர் வட்டத்திலும் விடுபடுகிறாள். எங்கள் குழுவில் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு ஊரில் இருக்கும் எந்தத் தாயும் வரலாம். ஊர்த் திருவிழாவுக்கு வந்தவளும் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தாய்வீடு வந்த பெண்ணை அவள் அம்மாவோடு சேர்த்து அழைக்கிறோம். நாலு நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்ட இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது தெரிந்தது. தாய்வீட்டுப் பெண்களை எண்ணாமல் அந்த அளவை நாம் எட்டவே முடியாது.

இன்னொன்று சாதி. எங்கள் ஊரிலும் ஊர்ப்பக்கம் ஓர் அங்கன்வாடி, காலனிப் பக்கம் ஓர் அங்கன்வாடி. எங்கே கூட்டம் என்பதே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டோம். சுண்டல் ஒரே சட்டியிலிருந்துதான். காலனிக் கூட்டத்துக்குச் சிலர் வரவில்லை. இன்னமும் வராதவர்கள் உண்டு. அவர்களுக்காக இடத்தை மாற்றப் போவதில்லை. ஜார்க்கண்ட், ஒடிசாவில் மிகமிகப் பின்தங்கிய குடும்பங்களில்தான் குழந்தை இறப்பு அதிகம் குறைந்தது. யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்கு எட்டாத கூட்டத்தை நடத்தி என்ன பயன்?

கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு பாடம் வங்கதேசத்தில் கிடைத்தது. அங்கே முதலில் 1,400 பேருக்கு ஒரு குழு என்று நடத்தினார்கள். குழந்தை இறப்பு குறையவில்லை. ஜார்க்கண்டிலோ 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் பின்னர் சுமார் 300 பேருக்கு ஒன்று என்று நெருக்கியபோது இறப்பு நன்றாகக் குறைந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோகும் தூரத்தில் குழு இருந்தால்தான் வேலை செய்யும். இப்போது நம் அங்கன்வாடி விதியைப் பாருங்கள்: 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். உலகம் சோதித்துக் கண்டுபிடித்த அளவை ஒட்டியே நமக்குக் கூரையும் சுவரும் எப்போதோ கட்டி வைத்திருக்கிறார்கள். எடை பார்க்கும் கருவி இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மார்கள் தங்களுக்காக உட்காரும் ஒரு மணி நேரம்தான் இல்லை.

கூட்டமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சமுதாய வளைகாப்பு நடக்கிறது. வளையலும் கலவை சாதமும் கிடைக்கின்றன. பிறந்த வீட்டில் செய்ய வசதியில்லாத பெண்ணுக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரம், செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம். அவற்றில் மைக் இருக்கிறது, பதாகை இருக்கிறது, பேசுபவர்கள் மேடையில் இருக்கிறார்கள். தாய்மார்கள் கேட்டுவிட்டுப் போகிறார்கள். விழா நடக்கட்டும். விழாவால் தாய்மார் குழுவின் வேலையைச் செய்ய முடியாது.

இந்த மாநிலத்துக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கூடி உட்கார்ந்து பணக் கணக்குப் பார்ப்பார்களா என்று கேட்டவர்கள் உண்டு. இன்று வங்கிகள் அவர்களைத் தேடி வருகின்றன. சேமிப்புக்காக வாரந்தோறும் கூடத் தெரிந்த பெண்களுக்குப் பிள்ளைக்காகக் கூடத் தெரியாதா?

அரசிடம் நான் கேட்பது சில விஷயங்கள்தான். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு மதியத்தைத் தாய்மார்களுக்கென்று ஒதுக்குங்கள். நடத்தும் பெண்ணுக்கு மாதந்தோறும் மதிப்பூதியம் கொடுங்கள். பெண் செய்யும் வேலை என்றாலே சேவை என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை இங்கேயாவது விடுங்கள். ஏற்கெனவே பாரம் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இதையும் ஏற்றாதீர்கள். தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கும் இடம் உண்டு என்று ஆணையிலேயே எழுதுங்கள். இலக்கு, புகைப்படம், செயலியில் பதிவேற்றம் எதுவும் கேட்காதீர்கள். படம் எடுக்க ஆள் வந்தால் அன்றைக்கு யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

வீட்டில் உள்ளவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. மகளோ மருமகளோ மனைவியோ கைக்குழந்தையோடு உங்கள் வீட்டில் இருந்தால், அவளை மாதம் இரண்டு மதியம் மற்ற தாய்மார்களோடு உட்கார அனுப்புங்கள். பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வட்டம் இல்லையென்றால், பிள்ளை வைத்திருக்கும் இன்னும் நாலு பேரை அழைத்து நீங்களே தொடங்குங்கள். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.